இரவு இரண்டு மணிக்கு எழுப்பிய பகா எண்

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், கைப்பேசி அலறியது. அப்போது நான் வேலை பார்த்த நிறுவனத்தில் (பெயர் வேண்டாம், இப்போது அங்கே இல்லை) கிடங்குக்குள் வரும் போகும் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேன் செய்வார்கள், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு வரிசை எண் போட்டு டேட்டாபேஸில் ஏற்றுவது எங்கள் குழுவின் வேலை. அன்றைக்கு எல்லா ஸ்கேனரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டன. நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, சர்வர் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு பெட்டிகூட உள்ளே போகவில்லை. தூக்கக் கலக்கத்தோடு லாகைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கிறது: டூப்ளிகேட் என்ட்ரி 2147483647.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் வயிறு கலங்கும். வரிசை எண்ணுக்கு நாங்கள் ஒதுக்கியிருந்த இடம் 32 பிட், அதாவது 0 அல்லது 1 போட 32 இடம். அதில் ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விட்டால் மிச்சம் 31. அந்த 31 இடத்திலும் 1 நிரம்பிவிட்டால் அதற்கு மேல் எண்ண முடியாது. பழைய டேபிளைப் பேர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, 64 பிட்டில் புது டேபிள் திறந்து, ஸ்கேனர்களை எழுப்பி முடிக்கும்போது மணி ஐந்தரை. சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குக் கீழே காப்பிக்கடை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தது. காப்பி ஓ (பால் இல்லாத காப்பி) ஒன்றை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அந்த எண்ணை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அது ஒரு பகா எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண், என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கணினித் துறையில் இருபது வருஷம் இருந்தும் தெரியாது, அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

தெரிய வந்தது மகளால். இப்போது உயர்நிலையில் முதல் வருஷம் படிக்கிறாள், பகாக் காரணிகளாகப் பிரிப்பதுதான் கணக்கில் முதல் பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தவள், “அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சதிலேயே பெரிய பிரைம் நம்பர் எது?” என்று கேட்டாள். நான் யோசித்து 97 என்றேன். அவள் பார்த்த பார்வை இருக்கிறதே. சரி என்று கணினியைத் திறந்து, பகா எண்களின் வரலாற்றைத் தேடிப் படித்துக்கொண்டே போனால், நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்னை இரண்டு மணிக்கு எழுப்பிய அதே எண். 1772-இல் ஆய்லர் என்ற கணித மேதை இதைப் பகா எண் என்று நிரூபித்தார், அதன்பின் முக்கால் நூற்றாண்டுக்கும் மேல் மனிதர்களுக்குத் தெரிந்த பகா எண்களிலேயே பெரியது இதுதான்.

அறைக்குள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “பகா எண்ணா? எது, பகாப்பதம் மாதிரியா?” அம்மா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்ததுதான், பிரித்தால் பொருள் தருவது பகுபதம், பிரிக்க முடியாதது பகாப்பதம். ‘மரம்’ என்பதை உடைத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது, ஏனென்றால் பிரைம் என்ற சொல்லில் ‘உடையாதது’ என்ற அர்த்தமே கிடையாது, தமிழில் அது பேரிலேயே இருக்கிறது. மகள் பள்ளியில் கணக்கை ஆங்கிலத்தில் படிப்பதால் அவளுக்கு இந்தச் சொல் புதிது. அம்மாவுக்கு எண் புதிது. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னதும், மில்லியன் பில்லியனிலேயே வளர்ந்த பிள்ளை வாயைப் பிளந்தாள்.

இந்த எண்ணின் அழகு அதை இரண்டடிமான முறையில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில், எழுதினால்தான் தெரியும். 31 ஒன்றுகள், வரிசையாக, வேறெதுவும் இல்லை. 2-ஐ 31 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது, அதாவது 2³¹ − 1. இப்படி 2-இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்து வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். மெர்சென் 17-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார். 1644-இல் எந்தெந்த அடுக்குகளுக்கு இது பகா எண்ணாக வரும் என்று 257 வரைக்கும் ஒரு பட்டியல் போட்டார், அதில் 67-உம் 257-உம் தப்பு, 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. அப்படியும் பேர் அவருக்குத்தான். 31 அந்தப் பட்டியலில் சரியாகவே இருந்தது.

மகளுக்கு நான் சொன்னது இப்படி. பதினைந்து ஒன்றுகளை வரிசையாக எழுது. அதை மும்மூன்றாக ஐந்து கூட்டமாகப் பிரிக்கலாம் இல்லையா? மூன்று ஒன்று சேர்ந்தால் இரண்டடிமானத்தில் 7. ஆகவே அந்த எண் 7-ஆல் வகுபடும், எப்படி 111111 என்ற சாதாரண எண் 111-ஆல் வகுபடுகிறதோ அப்படி. ஐந்தைந்தாகவும் பிரிக்கலாம், ஐந்து ஒன்றுகள் 31, ஆகவே 31-ஆலும் வகுபடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 2¹⁵ − 1 = 32767 = 7 × 31 × 151. சரியாக இருக்கிறது. அப்படியென்றால் ஒன்றுகளின் எண்ணிக்கையே பகா எண்ணாக இருந்தால்தான் மொத்த எண்ணும் உடையாமல் தப்பிக்க வாய்ப்பு. 31-ஐச் சமமான கூட்டங்களாகப் பிரிக்க முடியாது.

வாய்ப்பு மட்டும்தான், உத்தரவாதம் இல்லை. 11-ஐயும் பிரிக்க முடியாது, ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89 என்று உடைந்துவிடுகிறது. இந்த இடத்தில் மகள் “அது சீட்டிங்” என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போ 2³¹ − 1 உடையாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நேர்வழி, வர்க்கமூலம் வரை உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது. இதன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல், அதற்குள் நாலாயிரத்துக்கும் மேல் பகா எண்கள். கால்குலேட்டர் இல்லாத காலம். அதுவும் 1772-இல் ஆய்லருக்குக் கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லித்தான் எழுதவைத்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதர் நாலாயிரம் வகுத்தல் செய்வாரா? செய்யவில்லை. பெரும்பாலானவற்றைத் தொடாமலேயே தூக்கிப் போட்டார்.

எப்படி என்றால், இந்த எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதை க என்போம். 1-லிருந்து தொடங்கி இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் க-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால், சரியாக 31-ஆவது படியில் மறுபடி 1-க்கே வந்து நிற்போம். 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் வர முடியாது. ஆனால் ஃபெர்மா என்ற கணித அறிஞர் காட்டியபடி, க − 1 படி போனாலும் 1-க்குத் திரும்ப வேண்டும். ஆகவே க − 1 என்பது 31-இன் மடங்காக இருந்தே தீர வேண்டும். க ஒற்றைப்படை, அதனால் க − 1 இரட்டைப்படை, ஆக 62-இன் மடங்கு. உடைந்துபோன 2047-ஐப் பாருங்கள், அங்கே 31-க்குப் பதில் 11, 62-க்குப் பதில் 22: 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1. கச்சிதம். இதற்கு மேல் இன்னொரு சல்லடை, க-வை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம் (இது ஏன் என்று தொடங்கினால் பதிவு நாளைக்கும் முடியாது). இரண்டையும் சேர்த்தால் க என்பது 248-இன் மடங்கோடு 1 கூட்டியதாகவோ 63 கூட்டியதாகவோதான் இருக்க முடியும்.

46340-க்குள் அந்த மாதிரி எண்கள் மொத்தம் 373. அவற்றிலும் பகா எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூறுக்கும் கீழே வந்துவிடும். பட்டியலில் முதலில் நிற்கும் 63 பகா எண் இல்லை, 249 இல்லை, அப்புறம் 311. அதுதான் முதல் சந்தேகப் பேர்வழி. நாலாயிரத்திலிருந்து நூறுக்குள், ஒரு பேனா முனையைக்கூட மையில் தோய்க்காமல். ஒரு வேலையைச் செய்வதைவிட எதைச் செய்ய வேண்டாம் என்று கண்டுபிடிப்பதில்தான் மூளை இருக்கிறது என்று எங்கள் பழைய மேலாளர் ஒருவர் சொல்வார், அவர் சொன்னது மீட்டிங்கைத் தள்ளிப்போட.

நாங்களும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம், காகிதத்தில், நீள வகுத்தல். 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்து 1303, மீதி 226. அடுத்து 1489-க்குப் போகும்போது அம்மா தோசைக்குக் கூப்பிட்டுவிட்டார். இப்போதெல்லாம் இதற்கு இன்னும் சுருக்கமான சோதனை உண்டு, லூகாஸ் என்ற கணித அறிஞர் 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கி லேமர் என்ற இன்னொருவர் பிற்பாடு செம்மைப்படுத்தியது. 4-இல் ஆரம்பி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழி, நம் எண்ணால் வகுத்து மீதியை எடு, மறுபடி அதையே செய், கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். 2⁵ − 1 = 31-க்குச் செய்து பாருங்கள்: 4, 14, அடுத்து 194, அதை 31-ஆல் வகுத்தால் மீதி 8, 8-இன் வர்க்கத்தில் 2 போனால் 62, அது 31-இன் இரட்டிப்பு, ஆகவே பூஜ்யம். மூன்றே படி. நம் பெரிய எண்ணுக்கு 29 படி போதும்.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் இந்த எண்ணைப் பற்றி ஒரு கணிப்புச் சொன்னார். 2³¹ − 1-ஐ 2³⁰-ஆல் பெருக்கினால் ஒரு நிறைவெண் கிடைக்கும், அதாவது தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளையெல்லாம் கூட்டினால் தானே திரும்பி வரும் எண், 6 = 1 + 2 + 3 மாதிரி. இது 19 இலக்கம், 2305843008139952128. இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் ஒருகாலும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனென்றால் இவையெல்லாம் வெறும் வேடிக்கை, பிரயோஜனம் கிடையாது, எவன் மெனக்கெடுவான் என்கிற பொருளில் எழுதிவைத்தார். 65 வருஷம் கழித்து லூகாஸ் 2¹²⁷ − 1-ஐப் பகா எண் என்று காட்டிவிட்டார், அது 39 இலக்கம். 2024 அக்டோபரில் லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது 2-இன் 136279841-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு, இலக்கங்கள் 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். எவனாவது மெனக்கெடுவான், பார்லோ ஐயா.

பிரயோஜனம் இல்லை என்றாரே, அதுதான் இன்னும் வேடிக்கை. இந்த ஒற்றை எண்ணில் முட்டிக்கொண்டவர்கள் நான் மட்டுமா? 2014 டிசம்பரில் யூடியூபில் ஒரு கொரியப் பாட்டு இத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு இதைத் தாண்டப் போய், எண்ணியை (கவுன்டரை) 64 பிட்டுக்கு மாற்றினார்கள். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானத்தின் மின்சாரத்தை 248 நாளைக்கு நிறுத்தாமல் வைத்திருந்தால் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் எண்ணி நிரம்பி அவை நின்றுபோகலாம் என்று எச்சரித்தது. 2147483647-ஐ நூறில் ஒரு நொடி என்று வைத்து நாளாக்கிப் பாருங்கள், 248 நாளும் பாதியும் வரும். ஆய்லருடைய சல்லடையிலும் 248 வந்தது! அங்கே அது 8 × 31, இங்கே அது தற்செயல், இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சிலிர்த்தது.

அப்புறம் 2038. பல கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை நொடி ஆயிற்று என்றுதான் நேரத்தை வைத்திருக்கின்றன. 32 பிட்டில் வைத்திருப்பவற்றுக்கு அந்தக் கணக்கு நிரம்பும் தருணம் 2038 ஜனவரி 19. லண்டன்காரர்களுக்கு அது விடியற்காலை 3:14:07, தூங்கிக்கொண்டிருப்பார்கள். நமக்கு சிங்கப்பூரில் செவ்வாய்க்கிழமை காலை 11:14:07, நட்டநடு வேலை நேரம். பொங்கல் முடிந்து நாலைந்து நாள். மாற்றாமல் எங்காவது மூலையில் ஒரு பழைய பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த நொடி அது 1901-க்குப் போய்விடும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இது பகா எண்ணாக இருப்பதற்கும் என் ஸ்கேனர்கள் நின்றதற்கும் எந்த உறவும் இல்லை. பகா எண்ணாக இருப்பதால்தான் கணினிக்காரர்கள் இதை எல்லையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நண்பர் ஒருவர் தேக்காவில் வாழை இலையைப் போட்டுக்கொண்டே என்னிடம் அடித்துச் சொன்னார். இல்லை. 32 பிட் என்றால் எல்லை தானாகவே இதுதான். அதற்கு முந்தைய 16 பிட் காலத்து எல்லை 32767, மேலே பார்த்தோமே, மூன்றாக உடைகிறது. நம் எண் பகா எண்ணாக அமைந்தது அதிர்ஷ்டம்.

ஆனால் உண்மையிலேயே அதன் பகாத் தன்மையை வேலை வாங்கிய இடம் ஒன்று உண்டு. கணினியில் குருட்டாம்போக்கு எண்களை உண்டாக்க 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்த முறை ரொம்ப எளிமை: கையில் உள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதிதான் அடுத்த எண். இப்படியே போனால் 1-லிருந்து 2147483646 வரை ஒவ்வொரு எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். சின்ன அளவில் 7-ஐ வைத்துப் பாருங்கள். 3-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் மீதிகள் 3, 2, 6, 4, 5, 1, ஒன்றுகூட விடுபடவில்லை. 2-ஆல் பெருக்கினால் 2, 4, 1 என்று பாதியிலேயே சுற்றி வந்துவிடும். எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் 3 மாதிரி ஒரு பெருக்கி நிச்சயம் உண்டு, நம் எண்ணுக்கு 7 அந்த வேலையைச் செய்கிறது. 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. ஐந்தாம் அடுக்கும் ஏன் வேலை செய்கிறது என்றால், 2147483646-இன் காரணிகளில் 5 கிடையாது.

அந்த 2147483646-ஐ உடைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. அது 2 × 32767 × 32769. பழைய 16 பிட் எல்லை அப்படியே நம் பகா எண்ணுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை, (2¹⁵ − 1)-ஐயும் (2¹⁵ + 1)-ஐயும் பெருக்கினால் 2³⁰ − 1, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த இரண்டு எண்களோடும் ஒரு வயசு முழுக்க மல்லுக்கட்டியவனுக்கு இது பழைய முதலாளிகள் இருவர் ஒரே புளோக்கில் மேல்வீடு கீழ்வீடு என்று தெரிந்த மாதிரி.

இன்னொன்று. 3-ஐ 2-இன் அடுக்காக்கி ஒன்றைக் கழித்தால் 7, பகா எண். 7-ஐ அடுக்காக்கினால் 127, அதுவும் பகா எண். 5-இலிருந்து 31, 31-இலிருந்து நம் எண். அப்போ நம் எண்ணையே அடுக்காக்கினால்? 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள் கொண்ட ஒரு பூதம் வரும். பகா எண்ணாக இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும், ஆனால் இல்லை, 295257526626031 அதை மீதியில்லாமல் வகுத்துவிடுகிறது. ஆய்லரின் விதி இங்கேயும் பிசகவில்லை: இந்த வகுத்தியில் ஒன்றைக் கழித்தால் நம் எண்ணின் சரியான 137490 மடங்கு.

போன வாரம் மகளிடம், அன்றைக்கு நான் ஸ்கேனர்களை 64 பிட்டுக்கு மாற்றினேனே, அதன் எல்லை 2⁶³ − 1, அதாவது 9223372036854775807, அது பகா எண்ணா என்று இந்தத் தடவை நான் கேட்டேன். கணினியில் போட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கைப்பேசியிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

“63 ஒன்னு இருக்கும்ல? மூணு மூணா பிரிச்சா வந்துடும். ஏழால வகுபடும்ப்பா.”